கூடாரத்து ஆஸ்பத்திரியும் நம்ம வார் ரூமும்

கொரியப் போர் என்று ஒன்று நடந்ததே நம்மில் பல பேருக்கு ஒரு அமெரிக்க டிவி சீரியல் வழியாத்தான் தெரியும். 'மாஷ்'. மலையடிவாரத்தில் பச்சைக் கூடாரங்கள், ஹவாய் சட்டை போட்ட டாக்டர்கள், கட்டிலுக்குப் பக்கத்திலேயே சாராயம் காய்ச்சுற குழாய், மேலதிகாரியைக் கலாய்ச்சுக்கிட்டே இருக்கிற ஒரு கூட்டம். திடீர்னு ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும். அத்தனை பேரும் போட்டது போட்டபடி ஓடுவாங்க. முன்னாடி என்னோட தங்கியிருந்த ரூம்மேட் ஒருத்தர் எல்லா சீசனும் வெச்சிருந்தார், புண்ணியவான். ரெண்டு மழைக்காலத்தை அதை வெச்சே ஓட்டினோம்.

பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி உறுத்திக்கிட்டே இருக்கும். பீரங்கிச் சத்தம் கேட்கிற தூரத்துல உட்கார்ந்து, கை கால் சிதைஞ்சு வர்ற இருபது வயசுப் பசங்களைத் தைச்சு அனுப்புறதுதான் வேலை. அந்த இடத்துல வேலை பார்த்தவங்க இவ்வளவு சிரிச்சிருக்க முடியுமா? இல்ல, இதெல்லாம் ஹாலிவுட் மசாலாவா?

கதை யாரு எழுதினதுன்னு தேடினா, அவரே அந்தக் கூடாரத்துல கத்தி பிடிச்சவர். ரிச்சர்ட் ஹார்ன்பெர்கர். 8055ஆவது மாஷ் பிரிவில் அறுவை சிகிச்சை மருத்துவரா இருந்தவர். 'ரிச்சர்ட் ஹூக்கர்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய நாவல் 1968ல் வந்தது, 1970ல் படமாச்சு, 1972ல் சீரியல். சீரியல் அவருக்குச் சுத்தமா பிடிக்கலை என்பது தனிக்கதை. ஆனா கூத்தும் கும்மாளமும் டிவிக்காரங்க சேர்த்தது இல்லை, அவர் புத்தகத்திலேயே இருக்கு. அங்கே ஆரம்பிச்ச தேடல்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல கொஞ்சம் பின்னணி. 1950 ஜூன் 25ஆம் தேதி வடகொரியப் படை எல்லையைத் தாண்டி தெற்கே இறங்குது. அடுத்த ஒன்பது மாசத்துல சியோல் நகரம் நாலு தடவை கை மாறுச்சு. ஜூன்ல வடக்கு, செப்டம்பர்ல ஐ.நா. படை, 1951 ஜனவரியில சீனாவும் வடக்கும், மார்ச்சுல மறுபடி ஐ.நா. போர்முனை இப்படிக் கபடி ஆடிக்கிட்டு இருந்தா, ஒரே இடத்துல கட்டடம் கட்டி ஆஸ்பத்திரி நடத்துற பேச்சுக்கே இடமில்லை. அதனால வந்ததுதான் மாஷ், அதாவது நடமாடும் ராணுவ அறுவை மருத்துவமனை. ரெண்டாம் உலகப்போர் முடியுற நேரத்துல பேப்பர்ல இருந்த யோசனைக்கு இங்கேதான் உயிர் வந்தது. கணக்குப்படி 60 படுக்கை (பிறகு 200 வரைக்கும் போச்சு), பத்துப் பதினஞ்சு டாக்டர்கள், பன்னிரண்டு நர்சுகள், நூறு பேருக்குக் கிட்ட சிப்பாய்கள். உத்தரவு வந்தா சில மணி நேரத்துல கூடாரத்தைச் சுருட்டி லாரியில ஏத்திக்கிட்டு அடுத்த ஊர். எதிரியோட பீரங்கி எட்டக் கூடாது, காயம்பட்டவன் சாகறதுக்குள்ள வந்து சேரணும். இந்த ரெண்டு கணக்குக்கும் நடுவுல எங்கேயாவது ஒரு வயல்வெளிதான் ஆஸ்பத்திரி.

வேலைக்கு வந்தவங்களைப் பாருங்க, அதுவே ஒரு வேடிக்கை. 1950 செப்டம்பரில் அமெரிக்கா டாக்டர்களுக்குன்னே ஒரு கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் கொண்டு வந்தது. பயிற்சியைக்கூட முழுசா முடிக்காத இளம் டாக்டர்கள் பலரும் "என் நேரமடா" என்று நொந்துகிட்டே கப்பல் ஏறினாங்க. நர்சுகளுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. அமெரிக்க ராணுவ நர்ஸ் படையில அப்போ எல்லாருமே பெண்கள்தான், ஆண்களைச் சேர்த்துக்க ஆரம்பிச்சதே 1955ல்தான். போர் ஆரம்பிச்சு பத்தே நாள்ல, ஜூலை 5ஆம் தேதி, 57 நர்சுகள் பூசான் துறைமுகத்துல வந்து இறங்கினாங்க. மறுநாளே நோயாளிகளைப் பார்க்க ஆரம்பிச்சாச்சு. மூணாவது நாள் அதுல 12 பேர் ஒரு மாஷ் பிரிவோட தேஜான் நோக்கிப் போர்முனைக்கே போயிட்டாங்க.

ஆக, இழுத்துட்டு வந்த டாக்டர்களும் சேவைக்குன்னு வந்த நர்சுகளும் ஒரே கூடாரத்துல. நம்ம ஊர் எச்.ஆர். ஆளைக் கேட்டா இந்த டீம் ஒரு மாசம் தாங்காதுன்னு எழுதிக் கொடுத்திருப்பார்.

தாங்கினது மட்டும் இல்லை, பின்னாளில் நினைவுகளை எழுதினவங்கள்ல நிறைய பேர் "அதுபோல ஒரு வேலை அப்புறம் எனக்கு அமையவே இல்லை" என்ற தொனியிலதான் எழுதியிருக்காங்க. குளிரு, சேறு, எலி, டப்பா சாப்பாடு எல்லாத்தையும் திட்டிட்டு, அதே மூச்சுல இதையும் சொல்றாங்க.

ஏன்? எனக்குப் படுற முதல் காரணம், செஞ்ச வேலையோட பலன் அன்னைக்கே கண்ணு முன்னாடி தெரிஞ்சது.

8076ஆவது மாஷில் இருந்த ஆட்டோ ஏப்பல் என்ற டாக்டர் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழிச்சு, 1998ல், தன் அனுபவங்களைப் புத்தகமா எழுதினார். அவர் வந்து இறங்கினதும் பெட்டியைக்கூடப் பிரிக்க விடாம நேரா ஆபரேஷன் மேசைக்குத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. மூணு நாளுக்கு மேல நின்னபடியே வேலை. அந்த மாதிரி ஆளுங்க செஞ்ச ஒரு காரியத்தைச் சொன்னா உங்களுக்கே புரியும். கை காலுக்குப் போற பெரிய ரத்தக்குழாய் அறுந்து வந்தா, அதைக் கட்டிப்போட்டு ரத்தப்போக்கை நிறுத்துன்னுதான் அப்போ ராணுவத்துல வழிமுறை. உயிர் பிழைக்கும், ஆனா பாதிக்குப் பாதி பேருக்கு அப்புறம் காலை எடுக்க வேண்டி வரும். ரெண்டாம் உலகப்போர்ல இந்த மாதிரி காயத்துல 49 சதவீதம் பேர் கையையோ காலையோ இழந்திருக்காங்க. கொரியாவில் இந்த இளம் டாக்டர்கள் குழாயைக் கட்டுறதுக்குப் பதிலா தைச்சுப் பார்த்தாங்க. வழிமுறை ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம். அப்புறம் ராணுவமே வழிக்கு வந்து, ஆராய்ச்சிக் குழு அனுப்பி, பயிற்சியும் கொடுத்தது. கடைசியில அந்த 49 சதவீதம் 13 ஆக இறங்கிச்சு.

கொஞ்சம் நிதானிச்சு யோசிங்க. இருபத்தெட்டு வயசு. ராத்திரி மூணு மணி. நீங்க தைச்ச குழாய்க்குக் கீழே, பாதத்துல, விரலை வெச்சுப் பார்க்கிறீங்க. நாடி துடிக்குது. இதுக்கு மேல என்ன அப்ரைசல் வேணும்?

ஹெலிகாப்டரும் அப்படித்தான். கண்ணாடிக் குமிழ் மாதிரி மூக்கு வெச்ச சின்ன பெல் ஹெலிகாப்டர், ரெண்டு பக்கமும் வெளியில ஒவ்வொரு ஸ்ட்ரெச்சர். போர் முடியறதுக்குள்ள பதினேழாயிரம் பேருக்கு மேல இதுல தூக்கிட்டு வந்திருக்காங்க. எல்லாம் சேர்ந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோட வந்து சேர்ந்தவங்கள்ல இறந்தவங்க விகிதம் முந்தின போர்ல 4.5 சதவீதமா இருந்தது இங்கே 2.5 ஆச்சு. அந்தக் கூடாரத்துல வாளியைக் கழுவினவனுக்குக்கூட அந்த எண்ணிக்கையில பங்கு உண்டு. அது அவனுக்கும் தெரியும்.

இது வெறும் என் ஊகம் மட்டும் இல்லை. 1959ல் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் பிட்ஸ்பர்க்ல சுமார் 200 இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும் கேட்டு ஒரு ஆய்வை வெளியிட்டார். வேலையில எப்போ ரொம்ப சந்தோஷமா இருந்தே, எப்போ ரொம்ப வெறுத்துப் போனே? இதுதான் கேள்வி. சந்தோஷத்துக்குக் காரணமா வந்த பதில்கள் ஒரு ஜாதி: சாதிச்சது, அதை யாரோ கவனிச்சது, வேலையே பிடிச்சது, பொறுப்பு கிடைச்சது. வெறுப்புக்குக் காரணமா வந்தது வேற ஜாதி: கம்பெனி விதிகள், மேலாளர், சம்பளம், வசதிக் குறைவு. ஒரு பக்கத்தைச் சரி பண்ணினா இன்னொரு பக்கம் தானா சரியாகாது என்பது அவர் வாதம். ஏசியும் காபி மெஷினும் புலம்பலைக் குறைக்கும், சந்தோஷத்தை உண்டு பண்ணாது. மாஷ் கூடாரத்துல முதல் பட்டியல் நிரம்பி வழிஞ்சது, ரெண்டாவது பட்டியல் படுகேவலம். அதனாலதான் திட்டிக்கிட்டே சந்தோஷமா இருந்திருக்காங்க.

அதுக்கும் முந்தி, 1949ல் வந்த 'அமெரிக்கன் சோல்ஜர்' என்ற ஆய்வு இன்னும் சுவாரசியம். சாமுவேல் ஸ்டௌஃபர் குழு ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அஞ்சு லட்சம் சிப்பாய்களுக்கு மேல கேள்வித்தாள் கொடுத்து எடுத்த கணக்கு. ராணுவப் போலீஸ்ல பதவி உயர்வு குதிரைக்கொம்பு, விமானப் படையில சரசரன்னு கிடைக்கும். எந்தப் பிரிவுக்காரங்க பதவி உயர்வு முறையைப் பத்தி அதிகம் புலம்பினாங்க? விமானப் படை! பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் கிடைச்சு நமக்குக் கிடைக்கலைன்னா வர்ற எரிச்சல், யாருக்குமே கிடைக்காத இடத்துல வர்றதில்லை. மாஷ்ல எல்லாருக்கும் அதே சேறு, அதே டப்பா. பொட்டி தட்டுற மக்களுக்கு ஏப்ரல் மாசம் நான் விளக்கிச் சொல்லவா வேணும்?

நம்மாளும் அங்கே இருந்தார். அதைச் சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது.

கொரியாவுக்குச் சண்டைபோட ஆள் அனுப்ப மாட்டோம், மருத்துவப் பிரிவு அனுப்புறோம்னு இந்தியா சொல்லிச்சு. அப்படிப் போனது 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். (ஆம்புலன்ஸ்னதும் சைரன் போட்ட வண்டின்னு நினைச்சுடாதீங்க, ராணுவத்துல அது ஒரு முழு மருத்துவப் பிரிவோட பேர்.) 346 பேர். அதுல நாலு அறுவை சிகிச்சை மருத்துவர்கள், ரெண்டு மயக்க மருந்து டாக்டர்கள், ஒரு பல் டாக்டர். தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். முழுப் பேர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ஊர்ப் பேரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். 1941ல் பாராசூட்ல குதிச்ச முதல் ரெண்டு இந்தியர்கள்ல ஒருத்தர்.

1950 நவம்பர் கடைசியில வந்து இறங்கினாங்க. நேரமோ நேரம். சீனப்படை உள்ளே வந்து, ஐ.நா. படை மொத்தமும் தெற்கே ஓட ஆரம்பிச்ச வாரம். டிசம்பர் தொடக்கத்துல பியோங்யாங்கை விட்டு எல்லாரும் கிளம்புறாங்க. நம்ம பிரிவுக்கு வண்டி கிடையாது. கொண்டு வந்த மருந்தும் கருவியும் மலை மாதிரி கிடக்கு. விட்டுட்டுக் கிளம்புன்னாங்க. கருவி இல்லாத டாக்டர் அங்கே போய் என்ன செய்யறது? ஸ்டேஷன்ல ஒரு பழைய நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடிச்சாங்க. வரிசையா நின்னு வாளி வாளியா தண்ணியைக் கை மாத்தி பாய்லரை நிரப்பினாங்க. எஞ்சின் ஓட்டத் தெரிஞ்ச கை பிரிவுக்குள்ளேயே இருந்தது. மருந்து, கருவி, ஆள் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு, பாலத்தை வெடி வெச்சுத் தகர்க்கிறதுக்கு முன்னாடி ஆத்தைத் தாண்டிட்டாங்க.

நான் இதை எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்னு எனக்கே கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் அந்த வாளி வரிசைதான் மனசுல வரும். டிசம்பர்க் குளிர்ல கொரியாவுல தண்ணி கையில பட்டா எப்படி இருந்திருக்கும்? அந்தப் பக்கத்து மலைகள்ல அதே மாசம் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை போயிருக்கு. பிளாஸ்மா பாட்டிலுக்குள்ளேயே உறைஞ்சு போச்சு, மார்ஃபின் ஊசிக்குழாயை மருத்துவச் சிப்பாய்கள் வாய்க்குள்ள அடக்கி வெச்சு இளக்கியிருக்காங்க. அந்தக் குளிர்ல வரிசையில நின்னவங்க யாரும் எஞ்சினை ஓட்டச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவங்க இல்லை. "இது என் வேலை இல்லை"ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா, பிரிவு வெறுங்கையோட தெற்கே போயிருக்கும்.

அப்புறம் பிரிவு ரெண்டாப் பிரிஞ்சது. ஒரு பாதி 27ஆவது காமன்வெல்த் பிரிகேடோட முன்னணியில. இன்னொரு பாதி மேஜர் பானர்ஜி தலைமையில தேகு நகரத்துல, ராணுவத்தோட பொதுமக்களுக்கும் ஆஸ்பத்திரி நடத்திக்கிட்டு. 1951 மார்ச் 23ஆம் தேதி முன்சன்-னி என்ற இடத்துல அமெரிக்க 187ஆவது பாராசூட் படை வானத்துல இருந்து குதிச்சப்போ, மூவாயிரத்துச் சொச்சம் பேரோட சேர்ந்து 12 இந்தியர்களும் குதிச்சாங்க, ரங்கராஜும் கூட. ஒரு பிரிவோட தலைவர், சீனியர் டாக்டர், கீழே நின்னு கையாட்டி அனுப்பியிருக்கலாம். அப்படி இல்லாம எதிரி இருக்கிற வயல்ல இறங்கி ஆபரேஷன் மேசை போட்ட ஆள். அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தாங்க. 2020 ஜூலைக்கான போர் வீரரா தென்கொரிய அரசு அவரைத் தேர்ந்தெடுத்து கௌரவிச்சது. நம்ம ஊர்ல அவர் பேர்ல ஒரு தெரு இருக்கான்னு நீங்களே தேடிப் பாருங்க.

பணியிட மகிழ்ச்சிக்கு இதுல என்ன இருக்கு? என்னைக் கேட்டா நிறைய. தலைவன் தன்னோட மேசைக்கே வருவான், தன்னோட வயல்லயே குதிப்பான்னு தெரிஞ்சா, கீழே இருக்கிறவனுக்குப் பாதி பயம் போயிடும். மாஷ்லயும் இதே சங்கதி வேற ரூபத்துல. ஆபரேஷன் கூடாரத்துக்குள்ள சல்யூட் கில்யூட் எல்லாம் எடுபடாது. கேப்டன் கேட்டா என்ன, சார்ஜென்ட் கேட்டா என்ன, கையில கத்தரிக்கோல் வந்தா சரி.

எல்லாமே இப்படித் தேனும் பாலுமா இருந்ததுன்னு முடிச்சா அது பொய்.

1951 நடுவுல முன்னணி நின்னு போச்சு. ஜூலை 10ஆம் தேதி கேசாங்ல பேச்சுவார்த்தை ஆரம்பம், சண்டை நிறுத்தம் 1953 ஜூலை 27ல். நடுவுல ரெண்டு வருஷம் குன்றுக்குக் குன்று முட்டிக்கிட்டு நின்னாங்க. ஆஸ்பத்திரிகளுக்கு இனி ஓடவேண்டியதில்லை. கூடாரத்துக்கு மரத்தரை வந்தது, சினிமா வந்தது, கிளப் வந்தது. குன்றுக்குச் சண்டை நடந்தா ஒரே ராத்திரியில வரிசை நிக்கும், இல்லைன்னா வாரக்கணக்கா ஒண்ணும் இல்லை.

வசதி கூடின இந்தக் காலத்துலதான் ஆளுங்க நொந்து போயிருக்காங்க! சீரியல்ல நாம சிரிக்கிற குடி, குறும்பு, சண்டை எல்லாம் பெரும்பாலும் இந்தக் காலத்துச் சரக்கு. ஹார்ன்பெர்கர் கதையை இந்தக் கண்ணோட படிச்சா, அந்த ஜோக்கெல்லாம் வேலை இல்லாத நாள்ல பைத்தியம் பிடிக்காம இருக்க இவங்க தாங்களே பார்த்துக்கிட்ட வைத்தியம்னு தோணும். ஒரு வருஷம் பெஞ்ச்ல உட்கார்ந்த நண்பர்கள் இதைப் படிச்சா தலையாட்டுவாங்க. ஆணி அதிகமா இருந்தப்போ அவங்க இவ்வளவு சிடுசிடுன்னு இருந்ததில்லை.

இங்கே என் சொந்தப் புராணம் கொஞ்சம். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்துல (பேர் வேண்டாம், எல்லா இடமும் ஒண்ணுதான்) ஒரு தடவை புரொடக்‌ஷன்ல பெரிய கோளாறு. ஒரு மீட்டிங் ரூமைப் பிடிச்சு "வார் ரூம்"னு கதவுல ஒட்டினாங்க. நாலு ராத்திரி. பீட்சா. அஞ்சாம் நாள் காலையில கிராஃப் நேரா நின்னப்போ எங்களுக்குள்ள வந்த சந்தோஷம் இருக்கே, பொய்யில்லை. அடுத்த மாசம் ஊழியர் மகிழ்ச்சி சர்வே வந்தது. சிரிக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி படம் போட்டு அஞ்சுக்கு எத்தனைன்னு. எங்க டீம் மார்க் எல்லாரையும் விட அதிகம். நம்ம டேமேஜர் அதுல இருந்து எடுத்துக்கிட்ட பாடம்: இந்தப் பசங்களுக்கு நெருக்கடின்னாதான் பிடிச்சிருக்கு. அந்த வார் ரூமை எட்டு மாசம் கலைக்கவே இல்லை. ஒவ்வொரு ரிலீஸும் "போர்க்கால அடிப்படை". எட்டாவது மாசம் டீம்ல பாதிப் பேர் இல்லை.

கொரியாவுல நிஜ வார் நடத்தினவங்க இந்தத் தப்பை ரொம்ப நாள் பண்ணலை. முந்தின போர்ல சிப்பாய்க்குப் போர் முடிஞ்சாதான் வீடு. கொரியாவில் 1951ல் புள்ளிக் கணக்கு கொண்டு வந்தாங்க. முன்வரிசையில இருந்தா மாசம் 4 புள்ளி, கொஞ்சம் பின்னால 3, இன்னும் பின்னால 2. சிப்பாய்க்கு 36 சேர்ந்தா வீட்டுக்கு டிக்கெட். முன்வரிசைக்காரனுக்கு ஒன்பது மாசம், மத்தவங்களுக்கு ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ. எப்போ போவேன்னு தெரிஞ்சவன் எதையும் தாங்குவான். இதுலயும் ஒரு சிக்கல் வந்தது. 33, 34 புள்ளி சேர்ந்தவன் திடீர்னு ரொம்ப ஜாக்கிரதையாயிடுவான், தூக்கம் போயிடும், நிழலைப் பார்த்தாலும் பயப்படுவான். நோட்டீஸ் பீரியட்ல இருக்கிறவனை நினைச்சுக்காதீங்க, அவன் வேற ரகம்.

இந்த விஷயத்துல நார்வேக்காரங்க இன்னும் தெளிவு. அவங்களும் ஒரு மாஷ் நடத்தினாங்க, பேரு நார்மாஷ். 1951ல் இருந்து 1954 வரைக்கும் தொங்துச்சோன்ல. ஒப்பந்தமே ஆறு மாசம்தான். ஒரு குழு வரும், ஆறு மாசம் வேலை பார்க்கும், போகும், அடுத்த குழு வரும். இப்படி ஏழு குழு, மொத்தம் 623 பேர், 90,000 நோயாளிகளுக்கு மேல. ஆறு மாசம் முடிஞ்சதும் கும்பிடு போட்டுட்டுக் கிளம்பலாம். அப்படிக் கதவு திறந்திருந்தும் சிலர் இன்னொரு ஒப்பந்தம் போட்டு அங்கேயே தங்கினாங்க. எனக்கு எந்த சர்வே மார்க்கையும் விட இந்த ஒரு தகவல் போதும். போகலாம்னு சொல்லியும் போகாதவன்தான் நிஜமாவே திருப்தியா இருக்கான்.

ஆனா போகவே இடமில்லாதவங்களும் அதே கூடாரங்கள்ல இருந்தாங்க. எனக்கு இந்தப் பதிவை எழுதறதுல கை நின்ன இடம் இதுதான்.

ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் கொரியர்கள் வேலை பார்த்தாங்க. ஸ்ட்ரெச்சர் தூக்க, துணி துவைக்க, சமைக்க, மொழிபெயர்க்க, நர்சுகளுக்கு உதவ. வீட்டை இழந்து, அப்பா அம்மா எங்கேன்னே தெரியாம முகாமோட ஒட்டிக்கிட்ட சின்னப் பசங்களும் உண்டு. இவங்களுக்கு 36 புள்ளி கிடையாது, ஆறு மாசக் கப்பல் கிடையாது. ஸ்ட்ரெச்சர்ல வர்றது அவங்க ஊர்க்காரனாவும் இருக்கலாம், அண்ணனாவும் இருக்கலாம். சீரியல்ல இவங்க ஓரமா வந்து போவாங்க. நினைவுக் குறிப்புகள்லயும் பெரும்பாலும் அப்படித்தான், ஒரு செல்லப் பேரோட. கூடாரத்து சந்தோஷத்தைப் பத்தி நான் மேலே சொன்ன அத்தனையும் டிக்கெட் கையில இருந்தவங்க சொன்னது. புத்தகம் எழுதினவங்களும் அவங்கதான். பிடிக்காம போனவங்க, உடைஞ்சு போனவங்க அம்பது வருஷம் கழிச்சு உட்கார்ந்து எழுதறதில்லை. சாம்பிள்ல ஓட்டை இருக்குன்னு நம்ம மக்கள்ல யாராவது கை தூக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

தேகுல இருந்த நம்ம பிரிவு கொரிய டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பயிற்சி கொடுத்திருக்கு. போருக்கு மருத்துவ உதவி அனுப்பின நார்வே, டென்மார்க், ஸ்வீடன் மூணும் சேர்ந்து 1958ல் சியோல்ல தேசிய மருத்துவ மையம் திறந்து, கொரியர்களைப் பயிற்றுவிச்சு, அப்புறம் அவங்க கையிலேயே ஒப்படைச்சுட்டுப் போனாங்க. கூடாரத்துல வாளி தூக்கின பசங்கள்ல எத்தனை பேர் வெள்ளைக் கோட்டு போட்டாங்களோ.

ரங்கராஜ் ராணுவத்தை விட்டபிறகு என்ன செஞ்சார்னு தேடினேன். உலக சுகாதார நிறுவனத்துல சேர்ந்து, ஆப்கானிஸ்தான்ல பெரியம்மை ஒழிப்புக்குப் போயிருக்கார். பனி, மலை, ரோடு இல்லாத கிராமங்கள், துப்பாக்கி வெச்சிருக்கிற ஊர்த்தலைவர்கள். அம்பது வயசு தாண்டின பிறகு. ரிட்டயர் ஆகி ஆற்காட்டுல மாடியில ஈஸி சேர் போட்டு உட்கார்ந்திருக்கலாம், மனுஷன் மறுபடி அந்த மாதிரி இடத்தையே தேடிப் போயிருக்கார்.

பி.கு: மாஷ் சீரியலை இனிமே பார்க்கப் போறவங்களுக்கு ஒரு தகவல். மூணு வருஷப் போரை பதினோரு வருஷம் ஓட்டினாங்க, 1972ல் இருந்து 1983 வரைக்கும். அந்தக் காலத்து வழக்கப்படி ஜோக்குக்கு ஜோக்கு பின்னணியில சிரிப்புச் சத்தம் சேர்ப்பாங்க. எடுத்தவங்களுக்கு அது பிடிக்கலை, சேனல் விடலை. கடைசியில பேசிப் பேசி ஒரு இடத்துக்கு மட்டும் விலக்கு வாங்கினாங்க. ஆபரேஷன் கூடாரத்துக் காட்சிகள் வரும்போது காது கொடுத்துக் கேளுங்க. எவ்வளவு பெரிய ஜோக் அடிச்சாலும் பின்னால யாரும் சிரிக்க மாட்டாங்க.